மூடிய கொட்டகையின் பத்திரம் யார் பெயரில்?

சென்னை அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள், தபால்தலை சேகரிப்பவர்கள் தேடிப்போகும் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. 1913இல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் அது. அங்கே படம் ஓடியது கொஞ்ச காலம்தான். 1915இல் அஞ்சல் துறை அதை வாங்கிக்கொண்டது. இதற்கிடையில், 1914இல், ரகுபதி வெங்கய்யா, அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட அதே சாலையை ஒட்டி கெயிட்டியைத் தொடங்கினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிலையான திரையரங்கு என்று வரலாற்றில் இடம்பெற்றது கெயிட்டிதான். பெருமையை வைத்துப் பார்த்தால் இன்று நின்றிருக்க வேண்டியது அதுவே. ஆனால் நிற்பது எலெக்ட்ரிக், கெயிட்டி இல்லை. ஒன்றின் மனை அரசுத் துறையின் கைக்கு வந்தது, மற்றதன் மனை சந்தையில் இருந்தது. மூடிய திரையரங்குகளைப் பற்றிப் பேசும்போது கட்டடத்தின் அழகைப் பேசுகிறோம், யார் படம் எத்தனை நாள் ஓடியது என்று பேசுகிறோம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விக்குக் கடைசியில்தான் வருகிறோம். அதை முதல் கேள்வியாக வைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

காப்பாற்றும் அளவுக்கு ஒரு கொட்டகையில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தபோது ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் கூடிக் கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, அங்கே யாருக்கு எந்த இடம் என்பதைப் பிறப்பு முடிவு செய்யவில்லை, கையில் இருந்த காசு முடிவு செய்தது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசு நம்மைப் பிரித்தது உண்மைதான். அந்தப் பிரிவினையும் கொடுமையே. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். தமிழ் பேசும் படம் வந்தது 1931இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல வாசல்களில் தடுத்து நிறுத்தப்பட்டவர், டிக்கெட் எடுத்தால் உள்ளே வர முடிந்த வாசல் இது. அரசாங்கம் கட்டாவிட்டாலும், தனியார் லாபத்துக்காகவே கட்டினார்கள் என்றாலும், இது பொது மண்டபமாகத்தான் வாழ்ந்தது. ஊர் தன் காசைக் கொட்டி வளர்த்த இடத்தின் மேல் ஊருக்கு ஓர் உரிமை உண்டு என்று நான் சொல்வது இந்த வரலாற்றை வைத்துத்தான்.

அந்த மண்டபத்தின் தேவை போய்விட்டதா? அதே மதுரையில் 1952 தீபாவளியன்று ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் திரையரங்கில் 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. அது இடிக்கப்பட்டு, இன்று அந்த மனையில் ஜவுளிக்கடை நடக்கிறது. கடை நடத்துவது குற்றமில்லை. ஆனால் ஊர்நடுவில் அத்தனை பேர் கூடக்கூடிய கூரை போய்விட்டால் அதற்கு ஈடாக இன்னொன்று வருவதில்லை. நம் ஊர்களில் ஒரு நாடகக் குழுவுக்கோ, வாசகர் வட்டத்துக்கோ, திரைப்படச் சங்கத்துக்கோ இடம் வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்து வாசலில்தான் நிற்க வேண்டும். முகூர்த்த நாளில் கிடைக்காது. கிடைக்கும் நாளிலும் வாடகை கட்டுப்படியாகாது. தெருவில் மேடை போடலாம் என்றால் காவல்துறை அனுமதி வேண்டும், மழை பெய்யாமல் இருக்க வேண்டும். கூத்துக்கும் நாடகத்துக்கும் ஆளில்லை என்று புலம்புகிறோம். ஆளிருக்கிறது, இடமில்லை.

இதே சிக்கலை நீண்ட காலம் எதிர்கொண்டு ஒரு முடிவுக்கு வந்த ஊர் ஒன்றைச் சொல்கிறேன். லண்டனின் வடகிழக்குப் பகுதியில் உள்ள வால்தம்ஸ்டோ. அங்கே 1930இல் கிரனாடா திரையரங்கு திறந்தது. ஏறத்தாழ 2,700 இருக்கைகள். உள்ளரங்கை வடிவமைத்தவர் ரஷ்ய நாடக இயக்குநர் தியடோர் கோமிசார்ஜெவ்ஸ்கி. உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் மூரிய அரண்மனை போல ஒன்றை உருவாக்கினார். படத்தோடு மேடைக் கலைக்கும் இடம் வைத்துக் கட்டியதால் பீட்டில்ஸ் குழுவே அங்கே பாடியிருக்கிறது. 2003இல் அது மூடப்பட்டது. வாங்கிய மத நிறுவனம் வழிபாட்டுக் கூடமாக மாற்ற விரும்பியது. உள்ளாட்சி மன்றம் திட்ட அனுமதி தரவில்லை, மேல்முறையீடும் பலிக்கவில்லை. இந்த இடத்தில் கவனியுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது உயர்ந்த நிலையில் இருந்தது. அந்தப் பட்டியல் இடிப்பைத் தடுத்தது, அவ்வளவுதான். பூட்டிய கட்டடம் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் ஊறிச் சிதைந்துகொண்டிருந்ததைத் தடுக்கவில்லை. ஊர்மக்கள் மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், பத்தாண்டுக்கு மேல் விடாமல் நின்றார்கள். 2014இல் கட்டடம் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறி, முன்கூடத்துக்கு மட்டும் உயிர் வந்தது. உள்ளாட்சி மன்றமே 2019இல் விலைகொடுத்து வாங்கிய பிறகுதான் பெரிய அரங்கு மீண்டது. நடத்தும் பொறுப்பை அறக்கட்டளையாக இயங்கும் சோஹோ தியேட்டரிடம் ஒப்படைத்தார்கள். 2025 மே மாதம், சுமார் 960 இருக்கைகளோடு, நாடகத்துக்கும் நகைச்சுவைக்கும் இசைக்குமாக அது திறந்தது. சட்டம் காலம் வாங்கித் தந்தது, மக்கள் அந்தக் காலத்தை வீணாக்காமல் போராடினார்கள், முடிவில் மனை ஊரின் கைக்கு வந்தது.

உரிமையாளரே முன்வந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும். மும்பை ராயல் ஆப்பரா ஹவுஸ் 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கிவைத்த கட்டடம். பின்னாளில் சினிமாக் கொட்டகையாகி, 1993இல் மூடியது. உரிமையாளரான கோண்டல் அரச குடும்பம், கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவைக் கொண்டு சீரமைத்து 2016இல் திறந்தது. மறு ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய செயல்தான், ஆனால் ஊருக்கு ஓர் அரச குடும்பம் கிடையாது. மறுபுறம் சிங்கப்பூரைப் பாருங்கள். 1973இல் திறந்த கோல்டன் தியேட்டரில், 2014 முதல் ‘தி புரொஜெக்டர்’ என்ற பெயரில் இளைஞர்கள் சிறு படங்களையும் கூட்டங்களையும் நடத்தினார்கள். ஊரே நேசித்த இடம் அது. ஏறிய செலவையும் மாறிவிட்ட பார்வையாளர் பழக்கத்தையும் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். அவர்கள் உழைப்பில் குறையில்லை. பிறருடைய கட்டடத்தில் குடியிருந்தபடி அத்தனை செலவையும் டிக்கெட் காசிலேயே சமாளிக்க வேண்டியிருந்தால், மக்களின் அன்பு மட்டும் தாங்காது.

சொத்துரிமை என்ன ஆவது என்பது நியாயமான மறுப்பு. ஊர்நடுவில் இருக்கும் மனையை யாரும் தானமாகத் தர வேண்டாம். விலை கொடுக்கலாம், நீண்ட காலக் குத்தகை எடுக்கலாம். அங்கே கட்ட முடியாமல் போகும் பரப்பை வேறிடத்தில் கட்டவோ விற்கவோ உரிமை தரும் ஏற்பாடு மும்பையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. எல்லாக் கொட்டகையையும் காக்கச் சொல்லவுமில்லை. ஊருக்கு ஒன்று போதும்.

குடிநீருக்கும் சாக்கடைக்கும் பணமில்லாத நகராட்சி கொட்டகை வாங்குவதா என்பார்கள். குடிநீர்ப் பணத்தைத் தொடச் சொல்லவில்லை. சமுதாயக் கூடங்களுக்கும் கலையரங்குகளுக்கும் இப்போதும் பணம் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். அதை ஊருக்கு வெளியே, கடைசிப் பேருந்து போன பிறகு திரும்பி வர முடியாத இடத்தில் செலவழிக்கிறார்கள். பழைய திரையரங்கு பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் ஒட்டி நிற்கிறது. சாய்தளம், வெளியேறும் வழிகள், கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் ஏற்கெனவே உண்டு. குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். திரைக்கு முன்னால் மேடை குறுகலாக இருக்கும். பக்கவாட்டில் நடிகர் ஒதுங்க இடமிருக்காது. ஒப்பனை அறை இருக்காது. கல்நார் ஓடு வேய்ந்த கூரையானால் அதை முறைப்படி அகற்றியாக வேண்டும். எதிரொலி அடங்கும்படி கட்டிய சுவர்கள் பேச்சுக்கு நல்லது, கச்சேரிக்கு அவ்வளவு ஒத்துவராது. முன்வரிசைகள் சிலவற்றை எடுத்துவிட்டு மேடையை நீட்டினால் பாதிக் குறை தீரும். புதிதாகக் கட்டும் செலவோடு இதை ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்கட்டும். பார்க்காமலே மறுக்கக் கூடாது.

எனக்கே அச்சம் தரும் மறுப்பு ஒன்று உண்டு. அரசாங்கம் எடுத்தால் பூட்டு தொங்கும் என்கிறார்கள். திறப்பு விழாக் கல்வெட்டோடு தூசி படிந்து கிடக்கும் கலையரங்குகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவேதான் மனை ஊருடையதாக இருந்தாலும் சாவி அதிகாரியிடம் மட்டும் இருக்கக் கூடாது என்கிறேன். நாடகக் குழுக்கள், நூலக வாசகர் வட்டம், பள்ளி ஆசிரியர்கள், திரைப்படச் சங்கம் எல்லோரும் இடம்பெறும் குழு நடத்தட்டும். வாடகைப் பட்டியலை வாசலில் எழுதிவைக்கட்டும். காசில்லாத குழுக்களுக்கு மாதத்தில் சில நாட்களை முன்கூட்டியே ஒதுக்கட்டும். இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கல்யாணத்துக்கு விடக் கூடாது. வருமானம் வரும் என்று ஒரு முகூர்த்தத்துக்கு விட்டால், அடுத்த ஆண்டு எல்லா முகூர்த்தமும் அதற்கே போகும். நாடகக்காரர் பழையபடி வாசலில் நிற்பார். அப்படி நடத்துவதானால் மாற்றவே வேண்டாம்.

இங்கே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் மூடிக் கிடக்கும் கொட்டகைகளின் பட்டியலை எடுங்கள். மனை யார் பெயரில் இருக்கிறது, வழக்கு இருக்கிறதா, கூரையின் நிலை என்ன என்று எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்து உரிமையாளரோடு பேச அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவாருங்கள். எதிரில் இருக்கும் நண்பர்களே, அந்தத் தீர்மானத்தைக் கேட்டு முதல் கையெழுத்தை இன்றைக்கே நீங்கள் போடுங்கள். மனை கைமாறி இயந்திரம் உள்ளே வந்த பிறகு நாம் கொடுக்கும் மனுவுக்கு எந்தப் பயனும் இருக்காது.