முதல் செலவு கூரைக்கு

(‘பெருநாள் காலத்தில் முதல் செலவு வீட்டுக்கா, விருந்துக்கா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பேச்சரங்கில், ‘வீட்டுக்கே’ என்ற அணியில் கிள்ளானைச் சேர்ந்த குடும்பத் தலைவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ரொம்ப அழகாகப் பேசினார். மேலை நாடுகளில் பனிக்காலம் போய் வசந்தம் வந்தால் குடும்பம் குடும்பமாகத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறார்களாம். மது ஆலையைச் சுற்றிப் பார்க்கிறார்களாம். ஆளுக்கு ஒரு கோப்பை ருசி பார்க்கிறார்களாம். ‘அவர்களை யாரும் குறை சொல்வதில்லை. நாங்கள் தீபாவளிக்கு நான்கு போத்தல் திறந்தால் மட்டும் வீட்டில் ஏன் இந்தக் கூப்பாடு?’ என்று கேட்டார். கைத்தட்டலும் வாங்கிவிட்டார்.

அண்ணன் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். அதே நாடுகளில், வசந்தம் வந்ததும் முதலில் வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள். பனியில் பிளந்த ஓட்டை மாற்றுகிறார்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் அடைத்துக் கிடக்கும் இலையை அள்ளுகிறார்கள். சன்னலுக்குச் சாயம் அடிக்கிறார்கள். வேலை முடிந்த பிறகுதான் ஊர் சுற்றப் புறப்படுகிறார்கள். அந்த மது ஆலைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. ருசி பார்த்தவர்கள் துப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நம் அண்ணன்மார்கள் ஒரு சொட்டையாவது துப்பி நான் பார்த்ததில்லை! (சிரிப்பு, கைத்தட்டல்)

நம்மூர் வசந்தம் எது?

ஐயா, நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமும் இல்லை, பனிக்காலமும் இல்லை. ஆலை இருக்கிறது. சுங்கைவேயில் ஒரு பீர் ஆலை, ஷா ஆலாமில் ஒரு பீர் ஆலை. சுங்கைவே ஆலை 1960-களில் வந்தது, ஷா ஆலாம் ஆலை 1972-இல் வந்தது. ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பருவம் நமக்கும் உண்டு. அதை நாம் தவறவிடுகிறோம்.

இங்கே பலத்த மழை இரண்டு முறை வருகிறது. மார்ச், ஏப்ரலில் ஒன்று. அக்டோபர், நவம்பரில் ஒன்று. தீபாவளி எப்போது வருகிறது? அந்த இரண்டாவது மழையின் நடுவில். நாம் எப்போது சாயம் வாங்கப் போகிறோம்? தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. வெளியே இடி இடிக்கிறது, உள்ளே ஒழுகுகிறது, நாம் ஒழுகிய கறையின் மேல் சாயம் அடிக்கிறோம். புதுச் சாயம் தைப்பொங்கல் வரை தாங்காமல் உரிந்து விழுகிறது. குற்றம் சாயத்திலா, நம்முடைய நாள்காட்டியிலா?

முன்னோர்கள் போகியை எதற்கு வைத்தார்கள்? பழையதைக் கழிப்பதற்கு. அது ஜனவரி நடுவில் வருகிறது. அதை அடுத்து வரும் சில வாரங்களில் மழை கொஞ்சம் அடங்கியிருக்கும். அதுதான் கூரை பார்க்கும் காலம். அடுத்தது ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை, புதுமனை புகுவிழா இல்லை, கையில் வேறு வேலையும் இல்லை. ஆடியில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்பார்கள். ஒழுகும் கூரையை அடைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! (சிரிப்பு) ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஓடு, தகரம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால், தீபாவளிக்கு மிச்சம் இருப்பது சாயமும் கோலமும்தான்.

லயத்து வீடும் கள்ளுக்கடையும்

அப்படியானால் ஏன் செய்வதில்லை? சோம்பல் என்று எதிரணி சொல்லலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நம் தாத்தா பாட்டிகள் இருந்தது தோட்டத்து லயத்தில். அந்த வீடு அவர்களுடையது இல்லை, தோட்டத்து நிர்வாகத்துடையது. ஓடு உடைந்தால் கிராணியிடம் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு அடிப்பதும் அடிக்காததும் துரையின் விருப்பம். வேலை போனால் வீடும் போகும். தன்னுடையது அல்லாத வீட்டில் எவன் ஆணி அடிப்பான்? அதே தோட்டத்தில், நடந்து போகும் தூரத்தில், உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. பள்ளிக்கூடம் தூரமாக இருக்கலாம், ஆஸ்பத்திரி தூரமாக இருக்கலாம், கள்ளுக்கடை மட்டும் தூரமாக இருக்காது.

கள்ளை நான் கேவலமாகப் பேச வரவில்லை. காலையில் இறக்கியது இனிப்பாக இருக்கும், மாலையில் ஏறும், அடுத்த நாள் புளித்துக் காடியாகப் போய்விடும். ஆப்ப மாவுக்கு ஊற்றிய கைகள் நம் பாட்டிமார்களின் கைகள். வீடு சொந்தமில்லை, நிலம் சொந்தமில்லை, நாளைக்கு என்று சேர்த்து வைக்க எதுவும் இல்லை என்ற நிலையில், சம்பள நாளன்று அந்தக் கடை ஒன்றுதான் மனிதனை ‘வா’ என்று கூப்பிட்டது. அந்தக் காலத்து ஆளை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் காலத்து ஆட்களே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதன் அவர்களும் முன்னால் நின்றார்கள். கோரிக்கைகள் என்ன? சம்பளம் கூட வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: கள்ளுக்கடையை மூடு!

யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வரவில்லை, ஐயா. நாள் முழுவதும் பால்மரம் வெட்டியவர்களே கேட்டார்கள். மரியாதையும் படிப்பும் கள்ளுக்கடையை மூடுவதும் ஒரே கோரிக்கையின் பகுதிகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் மறுபடியும் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். நமக்காக அவர்கள் கொடுத்த விலை அது.

பத்துப் பத்து வெள்ளியாக

பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகிறவர்கள் ஜாலான் துன் சம்பந்தன் வழியாகத்தான் போகிறோம். பூமாலை வாங்குகிறோம், முறுக்கு வாங்குகிறோம். அந்தப் பெயருக்கு உரியவர் செய்ததை நினைக்கிறோமா? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் போடச் சொல்லிக் கேட்டார். அந்தச் சின்னப் பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது.

அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது எவ்வளவு பெரிய காசு! அதைக் கொடுத்தவர்கள் பணக்காரர்கள் இல்லை. கள்ளுக்கடைக்குப் போயிருக்கக்கூடிய காசையும் அதில் போட்டவர்கள் இருந்திருப்பார்கள். நம் இனத்துக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், இந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

இன்றைக்குக் கதை மாறிவிட்டது. தாமானில் வீடு வாங்கியிருக்கிறோம், அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறோம். வங்கிக்கு முப்பது வருடம் கட்டுகிறோம். வீடு நம்முடையது. ஆனால் மனசு மட்டும் இன்னும் லயத்திலேயே இருக்கிறது. ‘யாராவது வந்து பார்ப்பார்கள்’ என்று காத்திருக்கிறது. கிராணி வரமாட்டார், அண்ணன்மார்களே. துரை கப்பல் ஏறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. (பலத்த கைத்தட்டல்)

ஒரு சின்னக் கணக்கு

எதிரணிக்குக் கணக்கு பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். வாரத்துக்கு நாற்பது வெள்ளி குடிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான் குறைத்துத்தான் சொல்கிறேன். வருடத்துக்கு 52 வாரம். 2,080 வெள்ளி. பாதியைக் கொடுங்கள் போதும், 1,040 வெள்ளி. ஓட்டை மாற்ற, குழாயைச் சரிசெய்ய, பழைய சுவிட்சை மாற்ற அது நல்ல தொடக்கம்.

காசே வேண்டாத வேலைகளும் உண்டு. வாரம் ஒரு முறை பத்து நிமிடம்: பூச்சட்டித் தட்டு, வாளி, கூரைக் குழாய், வீட்டின் பின்பக்க லோங்காங், எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் பட்டு ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அதனால்தான் வாரம் ஒரு முறை. மாதம் ஒரு முறை: மின்சாரப் பெட்டியில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நின்றால் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி உயிரோடு இருக்கிறது. நிற்காவிட்டால் அன்றைக்கே உரிமம் உள்ள மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். வண்ண விளக்குச் சரம் அதற்குப் பிறகு. வருடம் இரண்டு முறை: சுவர் ஓரத்தில் மண் கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது கரையான் போட்ட பாதை.

அடுக்குமாடியில் இருக்கும் தாய்மார்கள் ‘மேல் வீட்டுத் தண்ணீர் எங்கள் தலையில் சொட்டுகிறது, யாரிடம் சொல்வது’ என்று கேட்கிறீர்கள். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் இதற்கு விதி இருக்கிறது. எழுத்து மூலம் புகார் கொடுத்தால் நிர்வாகக் குழு ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் தெரியவராத வரை கசிவு மேல் வீட்டிலிருந்து வருகிறது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாய்ச் சண்டை வேண்டாம், ஒரு கடிதம் போதும்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கூரையைத் தொட்டதை எல்லோரும் பார்த்தோம். லோங்காங்கைக் கழுவியிருந்தால் அது நின்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அது நம் கைக்கு மீறியது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலில் தேவைப்பட்டது எது? மெத்தை வாங்க, அடுப்பு வாங்க, மின்கம்பி மாற்ற, கையில் கொஞ்சம் காசு.

மலிவு போத்தலின் விலை

‘நாங்கள் மலிவாகத்தானே குடிக்கிறோம்’ என்கிறார் இன்னொரு அண்ணன். அங்கேதான் எனக்குப் பயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மது குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அவர்கள் வீட்டிலும் ஒரு கூரைக்காகத்தான் பணம் எதிர்பார்த்துக் காத்திருந்திருப்பார்கள். நம் தாத்தாவும் ஒரு காலத்தில் அதே மாதிரி கப்பலில் வந்தவர்தானே, ஐயா?

2017 டிசம்பரிலிருந்து மது வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்கியிருக்கிறார்கள். 2020-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான தண்டனையைக் கடுமையாக்கினார்கள். அதனால் உயிர் போனால் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை. சட்டம் வாசல் வரைதான் வரும். வாசலுக்கு உள்ளே இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள், உட்காருங்கள், கோழிக் கறியும் இட்டிலியும் நான் சமைக்கிறேன். வந்த விருந்தாளி தலைக்கு மேல் ஒழுகாமல் இருக்க வேண்டும், குளியலறையில் வழுக்கி விழாமல் இருக்க வேண்டும், குழந்தை சுவிட்சைத் தொட்டால் அடிக்காமல் இருக்க வேண்டும். வீடு சரியாக இருந்தால்தான் விருந்தே.

அண்ணன்மார்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை வீட்டுக்குக் கொடுங்கள். ஏணியை நீங்கள் ஏறுங்கள், கீழே நான் பிடித்துக்கொள்கிறேன். பிள்ளை ஆணி எடுத்துக் கொடுக்கட்டும். அப்பா கூரை மேல் நிற்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, வீடு யாருடையது என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே நடுவர் ஐயா அவர்களே, முதல் செலவு வீட்டுக்கே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.