பெயர் வெட்டின பண்டம்

வயல்கள் இருந்த இடமெல்லாம் வீடுகள் நிறைந்துவிட்ட எங்கள் பொழிச்சலூரில், இன்னும் தோட்டம் துரவு வைத்திருப்போர் தங்கள் மோட்டாரையும் மண்வெட்டியையும் கடப்பாரையையும் கள்வரிடமிருந்து காப்பது எங்ஙனம் என்று பேசும்படி வானொலி நிலையத்தார் பணித்திருக்கிறார்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதையே ஜீவனமாகக் கொண்ட என்னிடம் வேறென்ன உபாயம் கிடைக்கப்போகிறது?

பொருளில் பெயர் வெட்டுவது பூர்வீகமான வழக்கந்தான். கீழடிப் பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று பெயர் கீறியிருக்கிறது. சிலப்பதிகாரம் வருணிக்கும் புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்திலோ, உடையவர் பெயரும் எண்ணும் பொறித்த மூட்டைகள் கதவும் காவலுமின்றிக் கிடந்தன என்றும், திருடத் துணிந்தவன் அச்சுமையைத் தலையில் தாங்கிச் சுற்றிச் சுற்றி வருவானேயன்றிக் கொண்டுபோக மாட்டான் என்றும் அறிகிறோம். அத்தகைய மன்றம் நமக்கு வாய்க்கவில்லை. பெயர் பொறிக்கும் பழக்கமாவது மிஞ்சியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன், அடையாற்றங்கரையில் கீரைப்பாத்தி வைத்திருந்த பெரியவர் ஒருவர் தம் மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, “தம்பி, பேரைப் பெரிசா வெட்டு” என்றார். மேலே பெரிதாக வெட்டியதோடு நில்லாமல், மோட்டாரைப் புரட்டி, அடிப்புறத்தில் ‘பொழிச்சலூர்’ என்று சிறிதாகவும் வெட்டிக் கொடுத்தேன். கம்பெனித் தகட்டைப் பிடுங்கிவிடலாம், மேலெழுத்தை அராவிவிடலாம். புரட்டிப் பார்க்கும் பொறுமை திருடனுக்கு ஏது? நேயர்களே, இவ்விடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை: உளியைச் சற்றே சாய்த்துச் சின்னச் சுத்தியால் தட்டுகையில், நேர்கோடுகளாலான ‘ப’வும் ‘ட’வும் எவர் கையிலும் ஒன்றுபோலவே அமையும், ‘ழ’ ஒன்றுதான் வெட்டினவன் கையைக் காட்டிக்கொடுக்கும். மறுவருஷம் களவுபோன அந்த மோட்டார், ஒரு பழைய இரும்புக் கடையில் பச்சை வர்ணம் பூசப்பெற்று அகப்பட்டபோது, காவல் நிலையத்தில் அதைப் புரட்டியவுடனே, வால் கொஞ்சம் நீண்ட என் ‘ழ’கரத்தை அடையாளம் கண்டுகொண்டேன். பெரியவர் மோட்டாரைத் தடவிக்கொண்டிருந்தார். நானோ அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக் குறியொன்றும் இல்லாமல், காவலர் கைப்பற்றியது உரியவர் இன்னாரென்று விளங்காத பொருளாயின், மாஜிஸ்திரேட்டு அறிவிப்பு வெளியிட்டு, 6 மாதத்துக்குள் உரிமையை நிலைநாட்ட எவரும் வாராவிடில், அது சர்க்கார் வசமாகிவிடும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

நேரம் ஆயிற்றென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். மரப்பிடிக்குச் சூட்டுக்கோல், இரும்புக்கு உளி, ஒரு குறி வெளியிலே, இன்னொன்று மறைவிலே, மோட்டாரின் தொடர் எண்ணும் ரசீதும் வீட்டு நோட்டுப் புத்தகத்திலே, இவ்வளவுதான் விஷயம். உங்கள் மண்வெட்டி உங்கள் கையிலேயே, உங்கள் பெயரோடேயே தேய்ந்து முடியட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.