நாற்பது ஆண்டுத் தஸ்தாவேஜு எங்கே?



கல்நார்த் தூசியைச் சுவாசித்து உழைத்தவனுக்கு வரும் வியாதி, அவன் ஆலையில் நிற்கும் காலத்தில் பெரும்பாலும் வருவதில்லை. சுவாசகோசத்தில் தைத்த அந்த நுண்ணிய இழைகள் இருபது, முப்பது, சில சமயம் நாற்பது ஆண்டுகள் மௌனமாகக் கிடந்து, அவன் வேலையை விட்டு ஊர் திரும்பி, கம்பெனியும் கைமாறிப் பெயர் மாறிய பிற்பாடே, ஆஸ்பெஸ்டோசிஸ் என்னும் தீராத மூச்சிரைப்பாகவோ, மீசோதீலியோமா என்னும் புற்றுநோயாகவோ தலைகாட்டுகின்றன. காசம் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடும் வைத்தியர்களும் உண்டு.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து ஆலையில் கல்நார் நூற்று நோயுற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணிக்கு, அவள் வியாதி சட்ட அட்டவணையில் இல்லையென்று காரணம் காட்டி நஷ்டஈட்டை மறுத்தார்கள். 1924இல், தன் 33ஆவது வயதில், அவள் மாண்டாள். நம் நாட்டு அட்டவணையில் இந்நோய் இடம்பெற்றிருப்பதால் அந்தச் சாக்கு இங்கே செல்லாது. ஆகவே, “நீ எங்களிடம் வேலை பார்த்ததற்கும், தூசியில் நின்றதற்கும் அத்தாட்சி எங்கே?” என்று நம் ஆலை முதலாளிகள் வேறொன்றைக் கேட்கிறார்கள். அத்தாட்சி அவர்கள் அலமாரியில் அல்லவா இருக்கிறது!

அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதற்குத்தான் விடை கூறியது. தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சாசனத்தின் 21ஆவது ஷரத்து காக்கும் ஜீவ உரிமையின் அங்கம் என்றும், அவனுடைய சுகாதாரப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகளோ, வேலை நீங்கிய பின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை பத்திரப்படுத்த வேண்டும் என்றும், நோய் உறுதியானோர்க்குத் தலைக்கு ஒரு லட்ச ரூபாய் வழங்க வேண்டும் என்றும் நீதிபதிகள் கட்டளையிட்டார்கள். ஆயினும் பதிவேட்டின் பிரதியைக் கையில் வைத்திருக்கும் தொழிலாளி இந்தச் சபையில் எத்தனை பேர்?

இனி, தாய்மார்களைக் குறித்து ஒரு வார்த்தை. புருஷனின் உடுப்பிலிருந்த தூசியை உதறித் துவைத்த பெண்களையும் மீசோதீலியோமா கொல்லும் என்பதை 1965லேயே லண்டன் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். புருஷன் இறந்தால் விதவை நஷ்டஈடு கோரலாம். அவளே அந்தத் தூசியால் நோயுற்றாலோ, ஆலையின் சம்பளப் பட்டியலில் பெயரில்லாத காரணத்தால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அவளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கூலியின்றி அந்த ஆலைக்காக உழைத்தவள் அவள்! இதைவிடப் பெரிய அநீதியை நான் அறியேன்.

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் மனுச் செய்ய வைத்திருந்த கெடுவோ இரண்டு ஆண்டு. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று இடம் விட்டிருந்தது மெய்தான். ஆனால் நாற்பது ஆண்டு ஒளிந்திருந்து கொல்லும் நோய்க்கு மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டியவர் நோயாளியா, தூசியை ஊட்டியவரா?

ஆகையால் தோழர்களே, ஓய்வு பெற்றவர்களும் இறந்தவர்களின் வாரிசுகளும் இந்த வாரமே உங்கள் ஆலைக்குப் பதிவுத் தபாலில் எழுதி, சுகாதாரப் பதிவேட்டின் பிரதியைக் கேளுங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தரவில்லையென்றால், அந்த ரசீதோடு சங்கத்திற்கு வாருங்கள். கோர்ட்டுக்குச் சேர்ந்தே போவோம்.