ஓராண்டுப் படிப்பில் உள்ளத்தில் நின்றவை

(சிற்றூர் நூலகமொன்றில் நிகழ்ந்த படிப்பாளர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

ஒரு காலத்தில் என்னிடம் பயின்று, இன்று தத்தம் மக்களைக் கையிற் பிடித்துக்கொண்டு இங்கு வந்தமர்ந்திருக்கும் என் மாணாக்கர்களே!

கடந்த ஓராண்டில் யான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த நூல்களைப் பற்றிப் பேசுமாறு நூலகர் பணித்தார். 'தமிழாசிரியர்தாமே, தொல்காப்பியம், திருக்குறள், சிலம்பு என்று சொல்லி முடித்துவிடுவார்' என நீங்கள் எண்ணியிருக்கலாம். அவற்றை யான் ஆண்டுதோறும் படிக்கின்றேன். அது சோறு உண்பது போன்றது. நேற்று விருந்தில் என்ன உண்டாய் என்று கேட்டால் சோறு என்று எவரும் விடை கூறார். ஆகலின் இவ்வாண்டில் இலையிற் புதிதாக விழுந்தவற்றை மட்டும் சொல்கின்றேன். படித்து முடித்த நூல்களின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். இவ்வாண்டுக்கு 41 பெயர்கள் உள. அவற்றுள் 9 நூல்களைப் பாதியிலேயே மூடிவிட்டேன். ஐம்பதைக் கடந்தவனுக்கு அந்த உரிமை உண்டு. 'முப்பது நாளில் முன்னேற்றம்' என்னும் வகையில் இரண்டு நூல்களை மருமகன் வாங்கித் தந்தார். முப்பது நாளும் கடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நூல்களைப் பற்றிய நூலொன்றிலிருந்தே தொடங்குகின்றேன். மயிலை சீனி. வேங்கடசாமியார் 1959-இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' அது. வேங்கடசாமியார் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர்; சென்னையில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பகலெல்லாம் சிறுவர்க்கு எழுத்தறிவித்துவிட்டு, எஞ்சிய பொழுதில் இவ்வளவு ஆராய்ந்திருக்கின்றார் என்பதை எண்ணும்போது, 'நேரமில்லை' என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து அலுத்துக்கொள்ளும் என் போன்றோர்க்கு நாணம் உண்டாகின்றது. உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட பாக்கள், போகிற போக்கிற் சுட்டிய நூற்பெயர்கள், கல்வெட்டுக் குறிப்புகள் ஆகியவற்றைத் துருவித் துருவி, இன்று நம் கையில் இல்லாத நூல்களுக்கு அவர் ஒரு கணக்கு எழுதியுள்ளார். தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரையில் எஞ்சியவை சில பாக்களே. ஐம்பெருங்காப்பியம் என்று நாம் பெருமையோடு எண்ணுகின்றவற்றுள் வளையாபதியும் குண்டலகேசியும் சிதறிய பாக்களாகவே நமக்குக் கிட்டியுள்ளன. வகுப்பில் ஐந்து பெயரையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கச் செய்கின்றோம். ஐந்தனுள் இரண்டு நம்மிடம் முழுமையாக இல்லை என்பதை எத்தனை பேர் மாணாக்கர்க்குச் சொல்கின்றோம்?

இந்நூலைப் படிப்பது இறந்தார் பெயர்ப்பட்டியலைப் படிப்பது போன்றதே. ஆயினும், அறிவனார் இயற்றிய பஞ்சமரபு என்னும் இசைநூல் ஒன்று உண்டு. சிலம்புக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் பெயர் சொன்னதாலேயே அது நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. 1970-களில் அதன் சுவடி அச்சேறி வெளிவந்தது. இறந்துவிட்டார் என்று எண்ணியவர் வாயிற்படியில் வந்து நிற்பது போன்றதன்றோ அது! எங்கள் வீட்டிலும் ஒரு கட்டு ஏடுகள் பரணிற் கிடந்தனவாம். பதினெட்டாம் பெருக்கன்று பூவும் மஞ்சளும் இட்டு ஆற்றில் விட்டதாகப் பாட்டி சொல்லுவார். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். 'எழுத்துத்தான் எழுதியிருந்தது' என்றார்.

அடுத்தது கல்லில் எழுதியவற்றைப் பற்றிய நூல். ஐராவதம் மகாதேவன் ஆங்கிலத்தில் எழுதி 2003-இல் வெளிவந்த பழந்தமிழ்க் கல்வெட்டு ஆய்வு. அகரமுதலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று திங்கள் படித்தேன். பெருமக்களே, அந்நூலின் எல்லா முடிபுகளையும் யான் ஏற்கின்றேன் அல்லேன். தமிழ் எழுத்து வடபுலத்துப் பிராமியிலிருந்து வந்தது என்பது அவர் கொள்கை. அதனை 'தமிழி' என்றே சொல்ல வேண்டும் என்பது நம் கொள்கை. கீழடி பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, அங்குக் கிடைத்த பொருளொன்றின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றது. அதனைக் காண அவர் இல்லை, 2018-இல் மறைந்துவிட்டார். இருந்திருந்தால் மறுத்தெழுதியிருப்பாரா, திருத்திக்கொண்டிருப்பாரா என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. அவருடைய உழைப்பை எவரும் மறுக்கவியலாது. குன்றுதோறும் ஏறி, சமண முனிவர் படுத்திருந்த கற்படுக்கைகளின்மேல் மங்கிக் கிடந்த எழுத்துகளை நேரிற் கண்டு படியெடுத்தார். கரூரை அடுத்த புகழூரில், சேரல் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையாகக் கல்லிற் பெயர் பெற்றிருத்தலை 1960-களில் அவர் எடுத்துக்காட்டியபோது, பதிற்றுப்பத்து வெறும் கற்பனை என்றோர் வாயடைத்தனர்.

அரசர் பெயர்களினும் என்னைப் பிடித்து நிறுத்தியவை அழகர்மலைக் கல்வெட்டுகள். உப்பு வாணிகன், கொழு வாணிகன், அறுவை வாணிகன் என்றெல்லாம் அங்குப் பெயர்கள் உள. ஏர்க்கொழு விற்றவனும் துணி விற்றவனும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர்க் கல்லில் தம் பெயரைத் தமிழில் வெட்டுவித்திருக்கின்றனர்! வடக்கே அக்காலத்தில் அரசியல் மொழி பாகதம். மக்கள் மொழி வேறு. தமிழகத்திலோ ஆள்வோர் மொழியும் உழுவோர் மொழியும் ஒன்று. அதனாற்றான் பானை ஓட்டிலும் எளிய மக்களின் பெயர் எழுதப்பட்டது, எழுத்தறிவு பரவலாக இருந்தது என்று அவர் காட்டுகின்றார். அந்தப் பகுதியை மட்டும் இருமுறை படித்தேன்.

இனி, கடல் கடந்து கென்யாவுக்குச் செல்வோம். கூகி வா தியோங்கோ என்னும் எழுத்தாளர் 1938-இல் பிறந்து 2025 மே திங்களில் மறைந்தார். அவர் மறைவுச் செய்தியைக் கண்ட பின்னரே, 1986-இல் வெளிவந்த அவருடைய மொழிச்சிக்கல் பற்றிய கட்டுரை நூலைத் தேடிப் படித்தேன். உள்ளத்தை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தல் என்பது அதன் பொருள். தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் புதினங்கள் எழுதி உலகப் புகழ் பெற்றவர் அவர். 1977-இல் கமிரீத்து என்னும் ஊரில், உழவரும் தொழிலாளரும் நடிக்கத் தம் தாய்மொழியாகிய கிகூயுவில் ஒரு நாடகம் அமைத்தார். ஆங்கிலத்தில் எழுதியபோதெல்லாம் பொறுத்திருந்த அரசு, மக்கள் மொழியில் எழுதியவுடன் பொறுக்கவில்லை. நாடகம் தடைசெய்யப்பட்டது, அவ்வாண்டின் கடைசி நாளில் அவரைச் சிறைப்படுத்தினர். ஏறத்தாழ ஓராண்டுச் சிறை. அங்கே கழிப்பறைத் தாளில் கிகூயு மொழியிலேயே ஒரு புதினம் எழுதினார். ஆட்சி மாறியும் அடிமை உள்ளம் மாறாத நாட்டில் எது குற்றமாகக் கொள்ளப்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்நூலில் அவர்தம் பள்ளி நாள்களைப் பற்றிய பகுதி உள்ளது. தாய்மொழியிற் பேசிய சிறுவனுக்குப் பிரம்படி. 'யான் அறிவிலி' என்னும் பொருள்பட எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டுவர். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறை இன்னும் கொடிது. காலையில் ஒரு சிறுவனிடம் ஒரு பொத்தானைக் கொடுப்பர். தாய்மொழியிற் பேசும் அடுத்த சிறுவனிடம் அவன் அதனைத் தரவேண்டும்; அவன் இன்னொருவனிடம். மாலையில் பொத்தான் யாரிடம் இருக்கின்றதோ அவன் தனக்குத் தந்தவனைச் சொல்ல, அவன் முன்னவனைச் சொல்ல, அன்றைய குற்றவாளிகள் அனைவரும் வெளிப்படுவர். சிறுவரையே சிறுவர்க்கு ஒற்றராக்கினர்! தமிழிற் பேசினால் ஒறுப்புப் பணம் வாங்கும் நம்மூர்ப் பள்ளிகளை எண்ணிச் சினந்துகொண்டே அன்றிரவு நூலை மூடினேன். வெள்ளையனையும் அவன் வழிவந்தோரையும் உள்ளத்தால் வைது, நிறைவோடு உறங்கினேன்.

அந்த நிறைவு ஒரு கிழமைகூட நிற்கவில்லை. அடுத்து யான் எடுத்த நூல் கி. இராசநாராயணன் 1982-இல் தொகுத்து வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. இந்நூல் வந்த நாள்தொட்டு அறிவேன், ஆனால் தொட்டதில்லை. கல்லூரியில் எங்கள் பேராசிரியர் வட்டார வழக்கைக் கொச்சை என்பார். யானும் அவ்வாறே முப்பதாண்டு சொல்லிவந்தேன். இராசநாராயணன் இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923-இல் பிறந்த உழவர். உயர்பள்ளிக் கல்வி முடித்தவரல்லர். வீட்டில் தெலுங்கு பேசிய குடியினர். புதுவைப் பல்கலைக்கழகம் பின்னாளில் அவரை வருகைதரு பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. 2021-இல் மறைந்தார். தமிழ்ப் புலவர் எவரும் செய்யத் துணியாத வேலையை, கரிசற்காட்டுச் சம்சாரியின் வாயில் வாழும் சொற்களையெல்லாம் பொறுக்கியெடுத்து அகரவரிசைப்படுத்தும் வேலையை, அவர் செய்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டும்போது எனக்கு ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

யான் பணியிற் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒன்று. 'எங்கள் ஊர்க் காலை' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பனையேறி ஒருவரின் மகன், 'எங்க ஐயா வெள்ளன எழுந்து பனைக்குப் போவார்' என்று எழுதியிருந்தான். யான் 'வெள்ளன' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'கொச்சை' என்று ஓரத்தில் எழுதி, மேலே 'அதிகாலை' என்று திருத்தினேன். அதனோடு நிற்கவில்லை, எல்லார் முன்னும் படித்துக் காட்டி, வகுப்பே சிரிக்கச் செய்தேன். எண்ணிப் பாருங்கள், பெருமக்களே! 'வெள்ளன' என்பது 'வெள்' என்னும் தூய தமிழ் அடியிற் பிறந்த சொல். கீழ்வானம் வெளுக்கும் பொழுதைக் கண்ணாற் கண்டவன் ஆக்கிய சொல். யான் எழுதிய 'அதிகாலை'யில் உள்ள 'அதி' வடமொழி முன்னொட்டு! தனித்தமிழ் மேடைகளிற் பேசியவன், தூய தமிழை அடித்து வடசொல்லைத் திணித்தேன். அதையும் தமிழ்க் காப்பு என்று எண்ணிக்கொண்டேன். 'வைகறை' என்றாவது எழுதியிருக்கக் கூடாதா? கூகியின் பள்ளியில் பொத்தான் கை மாறியது. என் வகுப்பில் சிவப்பு மை.

அந்தப் பையனைத் தேடினேன். இப்போது அவருக்கு நாற்பதுக்கு மேல். தொலைபேசியிற் பேசியபோது, 'அதெல்லாம் மறந்துபோயிற்று ஐயா' என்று சிரித்தார். சற்று நேரம் கழித்து, 'ஆனால் அதற்குப் பிறகு கட்டுரையில் எங்கள் ஊர்ச் சொல் எதுவும் யான் எழுதியதில்லை' என்றார். 'உம் மகள் வெள்ளன என்று சொல்லுமா?' என்று கேட்டேன். 'அவளுக்குத் தெரியாது ஐயா' என்றார். அவர் இன்று இங்கு வந்திருக்கின்றார். பெயர் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டமையால் சொல்லவில்லை. எழுத்தால் அவரிடம் கேட்ட பொறுத்தலை இந்த அவையிலும் கேட்டுக்கொள்கின்றேன்.

இவ்வாண்டு முதல் என் வகுப்பில் ஓர் ஏடு திறந்திருக்கின்றேன். மாணாக்கர் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட சொல்லைக் கொண்டுவந்து அதில் எழுதவேண்டும். பனையைப் பற்றி மட்டும் குருத்து, சாரோலை, காவோலை, பன்னாடை, பாளை, குரும்பை, கருக்குமட்டை என்று வரிசை நீள்கின்றது. கமலை இறைத்த காலத்துச் சொற்களைக் கேட்டு வா என்றேன். கூனை, வடக்கயிறு, வால்கயிறு என மூன்று நான்கு வந்தன. எஞ்சியவற்றைச் சொல்லத்தக்க முதியவர் சென்ற மாசியில் மறைந்துவிட்டார் என்று ஒரு மாணவி கூறினாள்.

புதினம் ஒன்றும் சொல்ல வேண்டும். ப. சிங்காரம் எழுதி 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'. இந்தோனேசியாவின் மேடான் நகரில் வாழ்ந்து, பின்னர் மதுரையில் நாளிதழ்ப் பணி புரிந்தவர் அவர். இரண்டே புதினங்கள் எழுதினார். இந்நூல் பதிப்பாளர் கிட்டாமல் பல்லாண்டு கிடந்ததாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடானும் பினாங்கும் கண்முன் விரிகின்றன. மொழிக்கலப்பு மிகுதி, மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் மிதக்கின்றன. முதல் ஐம்பது பக்கம் கையிற் சிவப்பு மை இல்லையே என்று தவித்தேன். ஆனால் வட்டிக்கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பணிப்பெயர்கள் வருமிடத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடல் கடந்து கடை நடத்திய நம் வணிகர், ஆளுக்கு ஆள் தமிழிலேயே பெயரிட்டிருக்கின்றனர்! இன்று நம் கடைத்தெருவில் அவ்வாறு ஒரு பெயரேனும் உண்டா?

கடைசியாக, யான் இன்னும் முடிக்காத நூல். விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்'. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் பதிப்பித்து, 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார். அறிவியலும் கணக்கும் கற்ற அப்பெருமகனார், சிலம்பின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, அழிந்துபோன யாழ்களின் நரம்புகளுக்குக் கணக்கிட்டு இசையளவு காண்கின்றார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழையும் வகுப்பில் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அவற்றின் அலகுக் கணக்கு வந்தவுடன் கால் தடுக்கிற்று. எங்கள் பள்ளிக் கணக்காசிரியரிடம் நூலைக் கொண்டுசென்றேன். அவர் தமிழ் இலக்கியம் என்றாலே ஒதுங்குபவர். இரண்டு நாள் வைத்திருந்து, 'இது கணக்கு நூல் ஐயா, உங்களுக்கு எதற்கு?' என்றார். இப்போது மாலைதோறும் இருவரும் சேர்ந்து படிக்கின்றோம். கணக்கை அவர் சொல்கின்றார், சொற்பொருளை யான் சொல்கின்றேன். பாதி வந்திருக்கின்றோம். அடுத்த ஆண்டு இந்நாளில் அழைத்தால் எஞ்சிய பாதியைச் சொல்கின்றேன். அவரையும் உடன் அழைத்து வருகின்றேன்.