ஒற்றைச் சிலம்பு



பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். பள்ளியில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சிலப்பதிகாரத்தை மூடிவைத்தவன் நான். உ.வே.சாமிநாதையர் 1892இல் ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அந்தக் காப்பியத்தைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது, 30 காதைகளிலும் சிலம்பு போகும் வழியிலேயே போய்ப் பார்த்தேன்.

கண்ணகியின் கணவன் கோவலன் ஆடல்மகள் மாதவியின் வீட்டில் இருக்கிறான். அவர்களின் ஊரான புகாரில் அந்தி சாய்கிறது. கண்ணகியின் துயரத்தைச் சொல்ல வந்த காப்பிய ஆசிரியர் இளங்கோ, சிலம்பு கழற்றிய அவள் வெறுங்காலிலிருந்துதான் தொடங்குகிறார். பிறகு செல்வமெல்லாம் தொலைத்த கணவன் வந்து நிற்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் தவிக்கிறான் என்றே கண்ணகி நினைத்தாள் என்பார்கள் உரைகாரர்கள். அப்படி நினைத்தும் முகம் மலர்ந்து, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அந்தச் சிரிப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சிலம்பை விற்றுப் பிழைக்க இருவரும் பாண்டியனின் மதுரைக்கு வருகிறார்கள். அங்கே ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகிறான் கோவலன். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியை அவன்மேல் போடுகிறான். சரி, அரசன் ஏன் விசாரிக்கவில்லை? சற்று முன்னே பாருங்கள். ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் போய்விட்டது என்று அரசிக்குக் கோபம். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில்தான் பொற்கொல்லன் காலில் விழுகிறான். நின்று கேட்க அரசனுக்குப் பொழுதில்லை. சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஆடலில் மயங்கிய கணவன், மனம் வெதும்பிய மனைவி: புகாரில் ஒரு வீட்டில் நடந்ததுதான் மதுரை அரண்மனையிலும் நடக்கிறது. இளங்கோ இதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. இரண்டு இடங்களையும் சேர்த்துப் படிக்கிறவர் கண்ணுக்குத்தான் அது படும்.

கடைசியில் அரசவை. கணவனைக் கொன்றதற்கு நீதி கேட்டு வந்த கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கப் பரல் எங்கே போய்த் தெறிக்கிறது தெரியுமா? அரசனின் வாயில். தரையில் சிதறியிருந்தாலும் வழக்கு வென்றிருக்கும். ஆனால் கொல்லச் சொன்னது அந்த வாய்தானே? பள்ளியில் ‘வாய்’ என்ற அந்த ஒரு சொல்லை நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்று இரவு வழக்குரை காதையை எடுத்து, அந்த இடத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.