பிரகாரத்து நடை எந்தக் கணக்கில்?



ராஜபாளையத்தில் கூடும் இம்மாநாட்டிற்குத் தலைமை வகிக்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது, சந்தோஷத்தைவிடச் சங்கோசமே எனக்கு மேலிட்டது. உடலியக்கத்தை ஆராயும் இத்துறையில் என்னைவிட அதிகமாக அளந்தவர்களும் என்னைவிடக் குறைவாகப் பேசியவர்களும் இச்சபையில் பலர் இருக்க, அவர்களை விட்டு என்னைப் பிடித்ததற்கு, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவன், பிரயாணச் செலவு குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

வயது வந்தோரின் உடலியக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் சமூகக் காரணங்களும் சுற்றுப்புறக் காரணங்களும் என்பது நமக்கு விதிக்கப்பட்ட விஷயம். நடைபாதை, மரநிழல், தெருவிளக்கு, வருமானம், படிப்பு, துணைக்கு வரும் ஆள் என்று அவற்றை இங்கே நான் அடுக்கினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகும். சீன தேசத்தில் 2004 முதல் 2008 வரை பத்துப் பிரதேசங்களில் ஐந்து லட்சம் பேரைச் சேர்த்துத் தொடங்கிய பேராய்வு, அங்குள்ளவர்களின் இயக்கத்தில் பெரும்பங்கு தொழிலிலும் வீட்டு வேலையிலுமே கழிகிறது என்று காட்டியதையும், 1995-இல் அரசாங்கமே தேசிய உடற்பயிற்சித் திட்டம் வகுத்த அந்நாட்டில், ஓய்வுபெற்ற பெண்கள் மாலைதோறும் ஊர்ச் சதுக்கங்களில் கூட்டமாக ஆடுவதையும் நீங்கள் அறிவீர்கள். சீனத்தைப் பற்றிய கட்டுரைகள் பிற்பகலில் வருகின்றன. நான் ஊர்க் கதைக்குத் திரும்புகிறேன்.

இந்த ஊர் மில்லால் வளர்ந்த ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்த நாள் தொட்டு, இங்குள்ள குடும்பங்களுக்குக் காலம் என்பது ஷிப்டு என்றே ஆகிவிட்டது. நூற்பு இயந்திரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து, அறுந்த இழையை ஒட்டி, மீண்டும் திரும்பி நடக்கும் சைடர் என்ற தொழிலாளி ஒருவர் எட்டு மணி நேரத்தில் நடக்கும் தூரத்தைப் பூங்காவில் நடக்கும் எந்தக் கனவானும் ஒரு வாரத்தில் நடப்பாரா என்பது சந்தேகம். தொழிலின் நடைக்கு இருதயத்தைக் காக்கும் சக்தி உண்டு என்பது நான் கண்டுபிடித்த தத்துவமன்று. லண்டன் இரட்டைமாடிப் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைக் காட்டிலும் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று ஜெரமி மாரிஸ் 1953-இலேயே எழுதி வைத்தார். இயந்திரங்கள் தாமாகவே பாபினை மாற்றிக்கொள்ளத் தொடங்கிய பின் மில்லுக்குள் நடை குறைந்துவருவதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதப்பட வேண்டும்; எழுதுவோர் இல்லை.

இனி, பத்து வருஷங்களாக என் மனத்தை உறுத்திவரும் விவகாரத்துக்கு வருகிறேன். அமைப்பாளர்கள் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. சற்றே பொறுத்தருள வேண்டும்.

தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பிரதேசங்களில் 14,227 பேரை விசாரித்து 2014-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, அவர்களில் 54.4 சதவீதத்தினர் போதிய இயக்கமற்றவர்கள் என்றும், தமிழ்நாட்டில் 93.1 சதவீதத்தினர் ஓய்வு நேர உடலியக்கம் எதுவுமே செய்வதில்லை என்றும் கூறிற்று. முதல் எண்ணை நான் மறுக்கவில்லை. நம் சர்க்கரை நோய் வைத்தியசாலைகளில் நிற்கும் வரிசையே அதற்குச் சாட்சி. இரண்டாவது எண்ணோடுதான் எனக்கு வழக்கு. அந்த ஆய்வு கைக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் வினாப்படிவத்தில் தொழில், போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று மூன்றே கட்டங்கள் உண்டு. போக்குவரத்தைப் பற்றிய கேள்வியில், கடைக்குப் போவதோடு வழிபாட்டு இடத்துக்குப் போவதையும் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஆண்டாள் கோயில் வாசல் வரையில் நடந்தால் கணக்கில் சேரும். வாசலைத் தாண்டியதும் கணக்கு நின்றுவிடும். உள்ளே பிரகாரத்தைப் பதினொரு முறை வலம் வரும் அம்மையாரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தொழிலா? அன்று. போக்குவரத்தா? புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது எப்படிப் போக்குவரத்தாகும்? பொழுதுபோக்கா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். கேட்டவர் வெற்றிலை பாக்கு வாங்காமல் திரும்ப நேரும். கணக்கெடுப்பவர் மூன்றிலும் பூஜ்யம் இட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

முன்பொரு கருத்தரங்கில் இதை நான் பிரஸ்தாபித்தபோது, நண்பர் ஒருவர், பக்தியை நிமிஷக் கணக்கில் அளக்கப் புகுந்தவர் இவர்தாம் என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்நண்பர் இன்று மூன்றாம் வரிசையில் வீற்றிருப்பதால், அன்று சிரிப்பினால் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்ல அனுமதிப்பார் என நம்புகிறேன். மெதுவான நடையில் மூச்சு வாங்குவதில்லை, ஆகவே பயனில்லை என்பது அவர் வாதம். அதில் பாதி நியாயம். அடிப்பிரதட்சிணத்தை நானும் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுகிறவருக்கு மூச்சு வாங்காமலா இருக்கும் என்று நான் அன்று பதில் சொன்னதும் சரியான பதிலன்று. வழக்கமான ஒரு வாரத்தைப் பற்றியே வினாப்படிவம் கேட்கையில், வருஷத்துக்கு ஒருமுறை ஏறும் மலை எதற்கும் உதவாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து நிமிஷம் இடைவிடாமல் செய்தாலன்றிக் கணக்கில் சேராது என்று அவர் அன்று மேற்கோள் காட்டிய விதியை, உலக சுகாதார நிறுவனமே 2020-இல் தன் வழிகாட்டுதலிலிருந்து கைவிட்டுவிட்டது. இதை அவருக்கு நான் கடிதமாக எழுதவில்லை; இந்த மேடைக்காகக் காத்திருந்தேன்.

எண்ணைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. காரணமின்றி ஒரு பெண் மாலையில் தெருவில் நடந்தால், எங்கே போகிறாய் என்று மூன்று திண்ணைகளிலிருந்தாவது கேள்வி வரும் ஊர்கள் இவை. கோயிலுக்கு என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் மறுகேள்வி கிடையாது. ராஜபாளையத்து நாயை வளர்ப்பவருக்கு அந்த நாயே நடைக்குக் காரணமாகிறது; ஆனால் சங்கிலியைப் பிடிப்பவர் பெரும்பாலும் ஆண்மகனே என்பதால், பெண்ணுக்குக் கோயில் காரணமாகிறது. சமூகக் காரணம் என்று நம் தலைப்பில் அச்சிட்டிருக்கிறோமே, அதன் உள்ளுறை இந்த அனுமதிதான். சென்னை ஏஷியாட் காலனியில் குடியிருப்போர் தாமே பணம் திரட்டிப் பூங்கா அமைத்ததன்பின், வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன். அந்த வெற்றியை மத்தியதர வகுப்புக் காலனியிலிருந்து பெயர்த்து எடுத்துவந்து, அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், எல்லா ஊரிலும் நடலாம் என்பவர்களோடுதான் எனக்குப் பிணக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிய நடைபாதை வேண்டும் என்று இம்மாநாட்டுக்கு வந்த ஒரு கட்டுரைச் சுருக்கம் கூறுகிறது. ஆடிப்பூரத் தேர் திரும்புவதற்கென்றே அகலம் விட்டு அமைத்த நான்கு ரத வீதிகள் அங்கே கிடக்கின்றன. தேருக்கு முன்தினம் கடைக்காரர்கள் கீற்றுப் பந்தலைப் பிரித்து, வண்டிகளை அப்புறப்படுத்தி வீதியை வீதியாக்குகிறார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு எல்லாம் பழையபடி முளைத்துவிடுகின்றன. விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை அந்த வீதிகளில் வாகனப் போக்குவரத்தைத் தடுக்க நகராட்சி ஒப்புக்கொண்டால் புதிதாக ஒரு கல்லும் வாங்க வேண்டியதில்லை. தென்காசி சாலையில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கும் ராஜபாளையத்தாருக்கு அந்த வசதியும் இல்லை. அவர்களுக்காக வேறு யோசனை இச்சபையிலிருந்து வரட்டும்.

முதற்கட்டுரை வாசிக்க இருக்கும் இளைஞர் தம் பிரதியை முன்கூட்டியே எனக்கு அனுப்பியிருந்தார். அவருடைய இரண்டாம் அட்டவணையில், அறுபது வயதைக் கடந்த பெண்களுக்கு நேரே ஓய்வு நேர இயக்கம் பூஜ்யம் என்று இருக்கிறது. அவர்களில் எத்தனை பேரிடம் கோயிலுக்குள் எவ்வளவு நேரம் நடந்தீர்கள் என்று கேட்டார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கட்டுரையைத் தொடங்குமாறு அவரை மேடைக்கு அழைக்கிறேன்.