வெள்ளி என்ற பெயரில் வெறுங்காசு



ரிங்கிட்டை நாம் இன்றும் "வெள்ளி" என்றே சொல்லுகிறோம். ஒரு காலத்தில் இந்நாட்டில் புழங்கிய டாலர் மெய்யாகவே வெள்ளிக்காசாக இருந்தது. 1895ஆம் ஆண்டு முதல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் வர்த்தக டாலர் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் கடைத்தெருக்களில் கைமாறியது. அதன் ஒரு பக்கத்தில் சூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா மாது. மறுபக்கத்தில் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும்.

இன்று அதே காசு கைத்தொலைபேசியில் விலைக்கு வருகிறது. "கிடைத்தற்கரிய பழங்காசு, இருபது வெள்ளி மட்டும்" என்று இணையக் கடைகளில் படத்துடன் போடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை போலி. அதைக் கண்டுகொள்ள நான்கு வழிகளைச் சொல்லுகிறேன்.

முதல் வழி, கணக்கு. உண்மைக் காசின் எடை 26.95 கிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி; அதாவது 24 கிராமுக்குச் சற்று மேல். நகைக்கடையில் ஒரு கிராம் வெள்ளியின் விலையைக் கேட்டு, 24ஆல் பெருக்குங்கள். விற்பவர் கேட்பது அதற்கும் குறைவு என்றால், நட்டத்துக்கு விற்க அவருக்கு என்ன வேண்டுதல்?

இரண்டாம் வழி, எழுத்து. பெரிய எழுத்தில் "பழங்காசு" என்றிருக்கும். கீழே பொடி எழுத்தில் "திருவான்", "ரெப்ளிக்கா", "காப்பி" என்று ஒளிந்திருக்கும். மூன்றுக்கும் பொருள் போலி என்பதே. முழுவதையும் படியுங்கள், தெரியாவிட்டால் பள்ளி செல்லும் பிள்ளையிடம் படிக்கச் சொல்லுங்கள். 1895க்கு முந்திய ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் வர்த்தக டாலர் என்றால், யோசிக்கவே வேண்டாம். அப்படியொரு காசு அடிக்கப்படவில்லை.

மூன்றாம் வழி, காந்தம். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியல்ல. ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்றும் முடிவு செய்யாதீர்கள்; பித்தளையும் ஒட்டாது.

நான்காம் வழி, தண்ணீர். சிறு நகைத் தராசில் காசை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு, தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் அமிழ்த்துங்கள். உண்மைக் காசானால் தராசு ஏறத்தாழ 2.6 கிராம் காட்டும். அதே எடையுள்ள பித்தளையானால் 3 கிராமுக்கு மேல் காட்டும்.

எங்கள் தோட்டத்துத் தாய் ஒருவர், மகளின் படிப்புக்கு உதவும் என்று சேமிப்பிலிருந்து 300 வெள்ளி கொடுத்து, இப்படி ஐந்து காசுகள் வாங்கியிருந்தார். பள்ளித் தராசில் வைத்தோம். ஒன்றுகூட 22 கிராமைத் தாண்டவில்லை. "நாலு மாதம் சீட்டுக் கட்டின காசு, சார்" என்றார் அவர். திருப்பிக் கொடுக்கும் கெடுவும் கடந்துவிட்டது. ஆகவே காசு வந்த அன்றே சோதியுங்கள். உறையைப் பிரிப்பதைப் படம் பிடித்து வையுங்கள். இணையக் கடைக்கு வெளியே, தனியாள் வங்கிக் கணக்கில் பணம் போடாதீர்கள்.

இன்னொரு வலையும் உண்டு. "உங்கள் வீட்டுப் பழங்காசுக்கு இலட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றினார்கள். தான் அத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று அவ்வங்கி 2021இல் எச்சரித்தது. வாங்க வருகிறவன் நம்மிடம் பணம் கேட்பானேன்?

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தைக் கூப்பிடுங்கள். போலீசிலும் புகார் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

பாட்டி வைத்துப்போன உண்மைக் காசு வீட்டில் இருந்தால், புளியும் சாம்பலும் போட்டுத் துலக்காதீர்கள். துலக்கிய காசுக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறையும். விற்பதற்கு முன் இரண்டு மூன்று நாணய வியாபாரிகளிடம் காட்டி விலை கேளுங்கள்.

வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த வெள்ளியை, வெள்ளியல்லாத காசுக்குக் கொடுக்க வேண்டாம்.